அத்தானின் ஆமென்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வீட்டில் யாரையும் நேராகத் திட்ட மாட்டார். கடவுளிடம் சொல்லித்தான் திட்டுவார்.

"ஆண்டவரே, குளியலறை விளக்கை எரியவிட்டு வருகிற இருதயங்களை உணர்த்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஆரம்பித்தால், எங்களில் யாரோ அன்று விளக்கை அணைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த இருதயம் என்னுடையதாக இருக்கும்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் அத்தான் அடிக்கடி ஜெபிப்பார். என்னுடைய குறைகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லி, இவ்வளவையும் சகித்துக்கொள்கிற ஒரு பெண் எங்கேயாவது இருந்தால் காட்டும் என்று கேட்பார். கடவுளுக்கே நம்பிக்கை போயிருக்கும். அக்கா வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு கட்டில். சாப்பாடும் அங்கேதான். ஆனால் குடும்ப ஜெபம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. ஆகவே என் பக்தியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். அது வயிற்றிலிருந்து வருவது.

அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில் கோழிக்கூண்டு போல ஒரு மோட்டார் அறை இருக்கும். அதற்குள் கிரீஸ் வாடையில், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவே செய்தித்தாளை எழுத்து விடாமல் படிப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் 'பாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மேலே உட்கார்ந்து படித்த செய்தியெல்லாம் மாலையில் எங்கள் தலையில் ஜெபமாக இறங்கும். மந்திரிகள், விலைவாசி, எங்கோ நடக்கிற யுத்தம், சாலையைத் தோண்டிப்போட்டு மறந்துபோன அதிகாரி என்று ஒருவரையும் விட மாட்டார். "மந்திரிக்கு ஞானம் தாரும்" என்பார். கொஞ்சம் யோசித்து, "அது முடியாவிட்டால் வெட்கமாவது தாரும்" என்பார். இவ்வளவு நாளாக அவர் ஜெபித்தும் அரசாங்கம் அப்படியேதான் இருக்கிறது. அதற்காக அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

குடும்ப ஜெபத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வயதில் சிறியவர் முதலில் ஜெபிக்க வேண்டும். எனவே முதலில் அவருடைய ஒரே மகள், அடுத்து நான், பிறகு அக்கா, கடைசியில் அவர். இதில் பணிவு ஒன்றும் கிடையாது. கடைசியில் ஜெபிக்கிறவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து வெளுத்து வாங்குவார். அப்புறம் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும்.

இந்த ஆமென் விஷயத்தில் அவர் பெரிய வக்கீல். "ஆமென்னா என்ன அர்த்தம்? அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். சொன்னா சொன்னதுதான். கையெழுத்து போட்ட மாதிரி" என்பார். ஒருநாள் சீட்டாட்டத்தில் வீணாய்ப்போகும் கைகளுக்காக ஜெபித்தார். அடுக்களையிலிருந்து வந்த வாசனையில் நானும் பலமாக ஆமென் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் என் சீட்டுக்கட்டைக் காணோம். கேட்டதற்கு, "நீதானே ஆமென் சொன்னே, மச்சான்?" என்றார்.

அவருடைய சொந்த ஆமென் ஊரறிந்தது. சபையில் போதகர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் கடைசி வரிசையிலிருந்து அது வெடிக்கும். தூங்குகிற குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்துகொள்ளும். தூங்குகிற பெரியவர்கள் எழுந்து, தாங்கள் தூங்கவில்லை என்பதுபோல் தலையாட்டுவார்கள். அவருக்கு அது ஊறிப்போன பழக்கம். முடிவெட்டும் கடையில் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் ஒரு வாக்கியத்தை முடித்தபோது இவர் ஆமென் சொல்ல, கடைக்காரர் திடுக்கிட்டு, கழுத்தில் வைத்த கத்தியை எடுத்துவிட்டார். வீட்டிலும் அப்படியே. அவர் ஆமென் சொல்லும்போது மற்றவர்கள் சொல்வது யாருக்கும் கேட்காது.

அவரைப் பற்றி ஒரே ஒரு நல்ல விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் இருக்காது. எங்கள் மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற மாடிகளுக்கு ஒரு லிஃப்ட் உண்டு. ஒருநாள் அது நடுவில் நின்றுவிட, உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டு கத்தினாள். அத்தான்தான் வந்தார். வந்தவர் மூடிய கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "பயப்படாதீங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன். அது விழாது. கதவைத் தொடாம, சும்மா என்கூட பேசிட்டு இருங்க" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. இதமான, அவசரமில்லாத குரல். உள்ளே அழுகை நின்றது. கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்ததும் குரல் பழையபடி ஆகிவிட்டது. காவலாளியை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போனார்.

இதை வீட்டில் வந்து சொன்னேன். அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் குரலை நான் கேட்கணும்னா லிஃப்ட்டுல போய் மாட்டிக்கணும் போல" என்றாள்.

அத்தானுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி கால்பந்து. ஞாயிறு காலை ஆராதனை, மாலை டிவி. சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள கோல்கீப்பர்களையெல்லாம் கரித்துக்கொட்டுவார். "இவனுக்கெல்லாம் யாருடா கையுறை கொடுத்தது? வெண்ணெய் தடவிட்டு வந்திருக்கான்!" பார்க்கப்போனால் இவரால் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓட முடியாது. அந்த சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தவள் மகள். அவர் திட்டித் தீர்த்த தவறுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதைச் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டாள். கல்லூரி அணியில் அவள்தான் கோல்கீப்பர். அத்தான் மோட்டார் அறையில் அதைப் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. "போய்ப் பார்த்துத்தான் தெரியணுமா? என் பொண்ணு" என்பார்.

இந்த வருடம் அவர்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துவிட்டார்கள். சரியாக ஆராதனை நேரம்.

"போக வேண்டாம்" என்று அத்தான் சொன்னார். "போவேன்" என்று மகள் சொன்னாள். நேருக்கு நேர் அவர்கள் பேசிக்கொண்டது அதோடு சரி. அதற்குப் பிறகு எல்லாம் கடவுள் வழியாகத்தான்.

"ஆண்டவரே, ஆட்டத்துக்கு நாள் குறித்தது நானில்லை என்பதை நீர் அறிவீர்" என்பாள் அவள்.

"நாளைக் குறித்தவர்கள் யாராயினும், நடந்து போகிற கால்கள் நம்முடையவை என்பதை உணர்த்தும்" என்பார் இவர், கடைசியில்.

நடுவில் நான், மழையைப் பற்றி ஏதாவது சொல்லி ஒப்பேற்றுவேன். அக்கா ஒரே வரியில் முடித்துக்கொள்வாள்: "எல்லாருக்கும் சுகம் தாரும்." எங்கள் வீட்டில் கடவுள் தபால்காரர் வேலை பார்த்தார். அவருக்கும் அலுத்திருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், டிவியில விளையாடுறவங்களும் ஞாயிற்றுக்கிழமைதானே விளையாடுறாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க என் பிள்ளைங்களா?" என்றார்.

இப்படிப்பட்ட நியாயத்தோடு எப்படி வாதாடுவது?

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை, ஜெபத்தில் எல்லை மீறிப் போனார். முகமெல்லாம் சிவந்து, "உம்முடைய நாளில் இந்த வாசலைத் தாண்டிப் பந்துக்குப் பின்னால் போகிற கால் எதுவானாலும், அது இந்த வாசலுக்குத் திரும்பாதிருப்பதாக!" என்றார். என்றதும் அவரே ஒரு ஆமென் போட்டார். பாத்திரங்கள் அதிர்ந்தன. நானும் போட்டேன். பசி, வேறென்ன. மகள் மட்டும் கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்தபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்கே வந்தாள். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்து, "மாமா, நான் போகத்தான் போறேன். துணியெல்லாம் பையில எடுத்து வச்சாச்சு. வாசலுக்கே வராதேன்னு சொன்னாருல்ல, அப்படியே தோழி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

"அவர் ஏதோ ஆத்திரத்துல ஜெபிச்சிட்டார்."

"அவர் ஜெபிச்சதைத் திரும்ப வாங்குற ஆளா? நீங்க சொல்லுங்க."

என் சீட்டுக்கட்டே இன்னும் திரும்பவில்லை.

"எனக்கு அவர் மேல கோபம்கூட இல்ல மாமா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்ல?" என்றாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மோட்டார் அறைக்கு எந்தச் செய்தித்தாள் கொண்டுபோகிறார் என்று கேட்டாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. சொன்னேன். வெளியே போய் அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். வழக்கம்போல அவள்தான் முதலில். வழக்கமாக மூன்று வரியில் முடிப்பவள் அன்று தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, எங்கள் தேசத்துக்காக வருகிறோம். திறந்து வைத்த மாலையிலேயே மூழ்கிப்போன பாலத்தையும், அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொண்ட மந்திரியையும் நினைத்தருளும்."

அத்தானுடைய புருவம் உயர்ந்தது. "ஆமென்!" என்றார்.

"விலையை ஏற்றிவிட்டு, ஜனங்கள் குறைவாகச் சாப்பிடட்டும் என்று ஆலோசனை சொன்ன பெரிய மனிதருக்கு, அவருடைய ஆலோசனைப்படியே சாப்பாடு போடும்."

"ஆமென்! ஆமென்!"

"சமாதானம் பேசப் பறந்து போய், பீரங்கி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற தலைவர்களை வெட்கப்படுத்தும்."

"ஆமென்!" அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் செய்தித்தாள் படிக்கிறாள்! கண்ணை மூடியபடியே முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார்.

"ஆராதனையில் தூங்கிவிட்டு, வெளியே வந்து பிரசங்கத்தைக் குறை சொல்கிறவர்களை எழுப்பும்."

"ஆமென்!"

"நாளைக் காலையில் எங்கள் அப்பாவை மைதானத்துக்குக் கொண்டுவந்து, என் கோலுக்குப் பின்னால் உட்கார வையும்."

"ஆமென்!"

முந்தைய எல்லாவற்றையும்விடப் பலமாக விழுந்தது அது. அத்தான் ஆடுவது நின்றது. ஒரு கண் திறந்தது. மற்றதும் திறந்தது.

"நான் அதுக்குச் சொல்லல" என்றார், என்னைப் பார்த்து. "அதுக்கு முன்னாடி சொன்னதுக்குச் சொன்னேன்."

"சொன்னா சொன்னதுதான், அத்தான். கையெழுத்து மாதிரி" என்றேன். "என் சீட்டுக்கட்டு எங்க?"

நானும் அக்காவும் எங்கள் பங்கை அவசரமாக முடித்தோம். அவருடைய முறை வந்தது. "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெரிய ஜெப வீரர், வாயில் வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, "சாப்பாட்டை எடுத்து வை" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டை, பளபளவென்று தேய்த்த காலணியோடு மைதானத்துக்கு வந்தார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா மட்டும், "வீட்டுக்கு ஒருத்தராவது போகணும்ல" என்று சபைக்குப் போனாள்.

கோலுக்குப் பின்னால், வலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, தான் ஒன்றும் இதைப் பார்க்க வரவில்லை என்பதுபோல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறை சொல்ல ஆரம்பித்தார். சுண்ணாம்புக் கோடு கோணல். நடுவருக்குத் தொப்பை. எதிரணிப் பயிற்சியாளர் சூயிங்கம் மெல்லுகிற விதம் அசிங்கம். கொஞ்ச நேரத்தில் நாற்காலி திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் அதில் உட்காரவே இல்லை. மகள் பக்கவாட்டில் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஆமென் போட்டார். எதிரணியினர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரோ வழிப்போக்கன் போல நகர்ந்து நின்றேன்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியதும் அவரும் மகளின் கோலுக்குப் பின்னாலேயே மறுபக்கம் போய் நின்றார். ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு அணிகளும் சமம். அப்போதுதான் எதிரணிக்கு பெனால்டி கிடைத்தது. அது பெனால்டியே இல்லை என்று நடுவருடைய முன்னோர்களையெல்லாம் இழுத்து அத்தான் நியாயம் கேட்டார். யாரும் சட்டை செய்யவில்லை. பந்தை வைத்தார்கள். மகள் கோட்டில் போய் நின்றாள். நின்றவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

அத்தான் வலைக்குப் பக்கத்தில் போனார். நான் பயந்தேன், ஏதாவது திட்டித் தொலைக்கப் போகிறார் என்று. அவர் குனிந்து, வலையின் கண்ணி வழியாக, மெதுவாகச் சொன்னார்.

"பயப்படாதேம்மா. நான் இங்கதான் இருக்கேன்."

லிஃப்ட் கதவுக்கு முன்னால் கேட்ட அதே குரல்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முன்னால் திரும்பினாள். பந்தை உதைத்தார்கள். அவள் இந்தப் பக்கம் பாய்ந்தாள், பந்து அந்தப் பக்கம் போய் வலையில் விழுந்தது. அவ்வளவுதான். தோற்றுவிட்டார்கள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்தாள். துணிமணி இருக்கிற பெரிய பை. தோழி வீட்டுக்குப் போவாளோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அவள் பின்னால் வந்தாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். அப்புறம் அவரால் அடக்க முடியவில்லை.

"ஏன் உதைக்கிறதுக்கு முன்னாடியே சாஞ்சே? அவ காலைப் பார்க்கணும், கண்ணைப் பார்க்கக் கூடாது."

"பின்னாடி நின்னு ஒருத்தர் பேசிட்டே இருந்தா யாருக்கு கவனம் வரும்?"

"நான் தைரியம் சொன்னேன்!"

"அது எனக்குத் தெரியும்பா!" என்று கத்தினாள், என்னவோ வைவதுபோல. கண்ணில் தண்ணீர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதல் பாதியைப் பற்றி ஆரம்பித்தார், அவளும் விடவில்லை. வழி முழுக்க ஒருவரையொருவர் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். பேருந்தே வேடிக்கை பார்த்தது. கடவுளை யாரும் நடுவில் இழுக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். படியில் கால் வைக்கவில்லை. அத்தானும் நின்றார். அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அந்த வாசலைத் தாண்டிப் பந்துக்குப் பின்னால் போன கால் எதுவானாலும் என்றல்லவா ஜெபித்தார்? பளபளக்கிற தன் காலணியைக் குனிந்து பார்த்தார். யோசித்தால் என் காலும் அந்தக் கணக்கில் வந்தது. மூன்று பேரும் சொந்த வீட்டுக்கு வெளியே கடன்காரர்கள் போல நின்றோம்.

அக்கா கதவைத் திறந்தாள். ஆராதனை முடிந்து வந்து, உடைகூட மாற்றவில்லை. "ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"நான் அன்னைக்கு ஜெபிச்சேனே" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. "திரும்பி வரக்கூடாதுன்னு. எல்லாரும் ஆமென் சொன்னோம்."

"நான் சொல்லல."

"சொன்னே. நான் கேட்டேன்."

"நீங்க கேட்டது உங்க சத்தத்தை. நான் வாயை மட்டும்தான் அசைச்சேன்." அக்கா கோபமாகச் சொல்லவில்லை, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். "அதுக்கு மட்டும் இல்ல. கல்யாணமான புதுசுலேருந்தே, எனக்குச் சம்மதம் இல்லாததுக்கெல்லாம் அப்படித்தான்."

அத்தான் தலையை நிமிர்த்தினார். "எதுக்கெல்லாம்?" என்று கேட்டார். சத்தமே வரவில்லை.

"உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது."

மகள் முதலில் போகட்டும் என்று அவர் ஒதுங்கி நின்றார். அவள் உள்ளே போனாள். பிறகு நான் போனேன், வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் காலணியின் நாடாவை அவிழ்க்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் அவரே ஜெபித்தார். வழக்கமான உருக்கம், வழக்கமான வார்த்தை ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, பொண்ணு நல்லா விளையாடினா. தோத்துட்டா. அதனால என்ன?" என்றார். நிறுத்திக்கொண்டார்.

ஆமென் வரும் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தான் வாயை மூடிக்கொண்டு, அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அவசரப்படவில்லை. சாப்பாட்டிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி தாங்கவில்லை, ஆனாலும் நான் அன்று முந்திக்கொள்ளவில்லை.

"ஆமென்" என்றாள் அக்கா.

இத்தனை வருடம் அந்த மேசையில் சாப்பிட்டவன் நான். அவள் ஆமென் சொல்லி அன்றுதான் கேட்டேன்.